இடது பக்கம் கேட்காமல் வந்த கார்

முதலில் எனக்கு இடித்தவன் மேல்தான் கோபம் வந்தது. நேர்ப்பாதையில் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வளைவு வருகிறது. பிரேக்கை மிதித்து இடது பக்கம் திருப்புகிறேன். அங்கே ஏற்கெனவே ஒரு கார் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவோடு கதவு மோதி, என் கார் சுழன்று மணலுக்குள் போய் நின்றது. அப்போது நான் ஹட்டன் டவுனில் ஒரு போன் கடையின் மாடியில், கண்ணில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சீட்டில் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது.

அந்த வாரம் அதே மாதிரி இன்னும் சில தடவை நடந்தது. எல்லாம் இடது பக்கம்.

என் பெயர் சுகந்தி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்ததும் நிஸ்தார் நானாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். கீழே போன் கவர், சார்ஜர், போனுக்குக் காசு போடும் ரீலோட். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் தன்னுடைய விளையாட்டு அறையை மூடியபோது அங்கிருந்த சாமான்களை நானா மொத்தமாக வாங்கிவந்து மாடியில் போட்டார். ஒரு கார் சீட்டு, அதைத் தாங்க இரும்புச் சட்டம், மோட்டார் வைத்த ஸ்டியரிங், காலுக்குப் பெடல்கள், கண்ணை மூடித் தலையில் மாட்டும் ஹெட்செட், காதுக்குத் தனியாக ஒரு ஹெட்போன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் முன்னால் திரை இருப்பதே மறந்துபோகும். கழுத்தைத் திருப்பினால் பக்கத்துக் கண்ணாடி தெரியும். குனிந்தால் கையுறை போட்ட யாரோ ஒருவரின் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். டயர் ஓரக் கல்லில் ஏறினால் ஸ்டியரிங் கையை உதறும்.

வருகிறவர்களுக்கு அதை மாட்டிவிட்டு விளக்கம் சொல்வதுதான் என் வேலை. ஆள் இல்லாத நேரங்களில் நானே உட்கார்ந்து ஓட்டிப் பழகினேன். பிறகு இன்டர்நெட்டில் எங்கெங்கோ இருக்கிறவர்களோடு போட்டி ஓட ஆரம்பித்தேன். எனக்கு லைசன்ஸ் கிடையாது. உண்மையான காரை ஒரு அடிகூட நகர்த்தியதில்லை. என் கணவர் மோகன் வேன் ட்ரைவர். இறம்பொடை மலை வளைவுகளை ஒற்றைக் கையால் வளைத்துக்கொண்டு ஆட்களை ஏற்றி ஹயர் போகிறவர். அவரை அந்தச் சீட்டில் உட்கார வைத்தபோது இரண்டாவது வளைவிலேயே ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

பலருக்கும் அப்படித்தான் ஆகும். ஓடுகிறோம் என்று கண் சொல்கிறது. காதுக்கு உள்ளே சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் தலை சுற்றிக் குமட்டும். வருகிறவர்களுக்கு இதைச் சொல்லி, முகத்துக்கு நேராக ஃபேனைப் போட்டு, கையில் ஓர் இஞ்சி டொபியும் கொடுப்பேன். எனக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே ஒன்றும் செய்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பக்கத்தில் கார் வந்தால் அதன் சத்தம் அந்தக் காதில் கேட்க வேண்டும். அதை வைத்துத்தான் இடம் விட்டு ஓட்டுவோம். இடது பக்கம் வருகிற கார் எனக்குக் கேட்கவில்லை. எனவே இடது ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று நானாவிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் நல்லாக் கேக்குதே புள்ள.”

“இல்ல நானா, நல்லாப் பாருங்க. இடது பக்கம் செத்துப்போச்சு.”

“சாகல்ல. நல்லா உறுமுது.”

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் கீழே போனதும் ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்டிக்கொண்டு ஓட்டினேன். ஸ்பீக்கர் பழுதென்றால் இப்போது வலது காதில்தானே கேட்காமல் இருக்க வேண்டும்? வலது காதில் எல்லாம் கேட்டது. இடது காது அப்போதும் வெறுமையாக இருந்தது. வலது பக்கம் வந்த கார்கள் சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து போயின. பிரேக்கை மிதித்து நடுப்பாதையில் நிறுத்தினேன். பின்னால் வந்தவன் இடித்தான். ஸ்டியரிங் உதறியது. பழுது ஸ்பீக்கரில் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் போனை இடது காதில் வைத்து மோகனைப் பேசச் சொன்னேன். பக்கத்து அறையில் நின்று பேசினார். யாரோ தகரத்தைச் சுரண்டுவது மாதிரி இருந்தது. சொல் ஒன்றும் புரியவில்லை.

“எத்தன நாளா இப்படி?” என்றார்.

தெரியவில்லை. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். கொஞ்ச நாளாக வீட்டுப் படிகளில் இறங்கும்போது உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. பாசி வழுக்குகிறது என்று நினைத்திருந்தேன். காதுக்குள் மெல்லியதாக ஒரு ரீங்காரமும் இருந்தது. அது கடையில் ஓடும் ஃபேன் சத்தம் என்று இருந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதும் பித்தம் என்று சொல்லிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தனுப்பினாள். எங்கள் பக்கத்தில் தலைசுற்று என்றாலே பித்தம்தான். நான் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு காது மட்டும் மந்தமாகி, அதே பக்கம் நடை சாய்ந்தால் கொத்தமல்லியைக் குடித்துவிட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை டொக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். குறும்பி இல்லை, சவ்வும் நன்றாக இருக்கிறது என்றார். கவை மாதிரி இருந்த ஓர் இரும்பைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது பக்கம் என்றேன். அவர் முகம் மாறியது. வெறும் அடைப்பு என்றால் மந்தமான காதில்தான் கூடுதலாகக் கேட்குமாம், எனக்கு நரம்பில் கோளாறு என்று பிறகுதான் தெரிந்தது.

காதுப் பரிசோதனைக்கு ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்தினேன். அடுத்தது இடது காது என்று பரிசோதித்த மிஸ் கையால் காட்டினார். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். மிஸ் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

“தொடங்கலியா மிஸ்?”

“முடிஞ்சிட்டும்மா,” என்றார் அவர்.

அந்த இடத்தில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

கண்டியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய காந்தத்தை வைத்துத் தலைக்குள் படம் பிடிப்பது. வெட்டுவதில்லை, வலியும் இல்லை. உடம்பில் இரும்பு, நகை எதுவும் இருக்கக்கூடாது. தாலியைக் கழற்றி மோகனிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனைப் பூட்டி, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நான் வெளியே வரும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை என்று அங்கே காவலுக்கு இருந்தவர் சொல்லிச் சிரித்தார்.

தலைக்கு ஒரு கூடு போட்டுக் குழாய்க்குள் தள்ளினார்கள். முகத்துக்கு முன்னால் ஒன்று இருப்பது எனக்குப் பழக்கம்தானே, இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஆனால் ஹெட்செட்டில் தலையைத் திருப்பலாம். இங்கே அசையக்கூடாது. இயந்திரம் டொக்டொக்கென்று அடிக்கத் தொடங்கியதும் கால் தானாக ஆடியது. ஆடாமல் படுங்கள் என்று குழாய்க்குள் குரல் வந்தது. கண்ணை மூடி, நன்றாகத் தெரிந்த ஒரு பாதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாதி சுற்று வருவதற்குள் சத்தம் மாறிவிடும். வளைவு மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றைக்கூட முடிக்க முடியவில்லை.

முடிவை விளக்கிச் சொன்ன மூளை அறுவைச் சிகிச்சை டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. மட்டக்களப்பில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய தமிழில் நிதானமாகப் பேசினார். படத்தில் காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஓர் உருண்டை இருந்தது.

“இது கேன்சர் இல்ல. முதல் அத விளங்கிக்கொள்ளுங்க. கேக்குற நரம்பும் பேலன்ஸ் நரம்பும் காதுல இருந்து மூளைக்கு ஒண்டாப் போகுது. அந்த நரம்புக்கு மேல போத்தியிருக்குற உறையில இருந்து வளந்த கட்டி. மெல்ல மெல்ல வளரும். ஆனா உங்கட கட்டி பெரிசாகி மூளைத்தண்டத் தள்ளத் தொடங்கிட்டுது. விட்டு வைக்க ஏலாது.”

“காது திரும்பக் கேக்குமா டொக்டர்?” என்றேன்.

“இல்ல,” என்றார். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மோகன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “டொக்டர், இவ அந்த ஹெட்செட்ட மாட்டி கார் ஓட்டுவா. அதனாலயா?” என்று கேட்டார்.

கட்டி என்று ஸ்கேன் எடுத்த இடத்திலேயே சொல்லியிருந்ததால், எங்கள் வீட்டைச் சுற்றி எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியை முகத்தில் மாட்டி மாட்டித்தான் மண்டைக்குள் கட்டி வந்ததாம். கடைக்கு ஆட்கள் வருவதுகூடக் குறைந்துவிட்டது. நிஸ்தார் நானா மாடிக் கதவைப் பூட்டி, மெஷின் மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட்டார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்தால் வேறெங்காவது பார்ப்பார்.

டொக்டருக்கு ஹெட்செட் என்றால் விளங்கவில்லை. போனில் வீடியோவைக் காட்டினேன். நான் சீட்டில் உட்கார்ந்து கழுத்தை ஆட்டி ஆட்டி ஓட்டுவதை அவர் இரண்டு தடவை பார்த்தார். ஹெட்போனை மாற்றி மாட்டிப் பார்த்த கதையையும் கேட்டார்.

“இதால வந்ததில்ல. நீங்க இதத் தொடுறதுக்கு முதலே கட்டி இருந்திருக்கும். இது இல்லாட்டி நீங்க இன்னும் சுணங்கித்தான் என்னட்ட வந்திருப்பீங்க.”

வெளியே வந்ததும் மோகன் முதலில் அழைத்தது என் அம்மாவை இல்லை, நானாவைத்தான். ஸ்பீக்கரில் போட்டார். டொக்டர் சொன்னதைச் சொன்னார்.

“மோகன், டொக்டர் சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லு.”

சொன்னார்.

“இன்னொருக்காச் சொல்லு தம்பி.”

மூன்றாவது தடவை சொல்லும்போது மோகனின் குரல் உடைந்தது. நான் போனை வாங்கி, “நானா, மெஷின்ல தூசி அடையுது. மூடுன துணியாவது நல்ல துணியாப் போடுங்க,” என்றேன். நானா சிரித்தாரா அழுதாரா என்று ஒற்றைக் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வார்ட்டில் சேர்ந்த பிறகு காத்திருப்புதான் கொடுமை. விடிந்ததிலிருந்து சாப்பிடாமல், பச்சை உடுப்புப் போட்டு, முடியைப் பின்னிக் கட்டித் தயாராக இருப்பேன். விபத்தில் யாரையாவது கொண்டுவருவார்கள். அவர்களுக்கு முதலிடம். நாளைக்கு என்பார்கள். மறுபடி அதே உடுப்பு, அதே பட்டினி. கோபப்படவும் முடியாது, இரத்தம் வழிய வருகிறவரைப் பார்த்து என்ன சொல்வது? கட்டிலில் இருக்க முடியாமல் வராந்தாவில் மேலும் கீழும் நடப்பேன். நடை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் தோள் உரசும். விழுந்து வைக்காதீர்கள் என்று நர்ஸ் மிஸ்மார் பிடித்துவந்து உட்கார வைப்பார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் எழும்பிவிடுவேன்.

இடது பக்கத்துக் கட்டிலில் கம்பளைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர், நந்தா அக்கா. முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். இரண்டு நாளாக என்னோடு பேசிப் பார்த்திருக்கிறார். நான் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் என் முன்னால் கையை ஆட்டி, “நங்கி, கதா கரன்னே நெத்த?” என்றார். தங்கச்சி, பேசமாட்டாயா என்று அர்த்தம். காதைத் தொட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். இவள் பெரிய கர்வக்காரி என்று தன் மகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பேச வேண்டுமென்றால் என் கட்டில் மேல் ஆரஞ்சுத் தோலை எறிவார். திரும்பிப் பார்த்தால் பேச்சைத் தொடங்குவார்.

ஆபரேஷனுக்கு முன்னால் டொக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். முகத்தை அசைக்கிற நரம்பும் கட்டிக்குப் பக்கத்தில்தான் போகிறது. கட்டி வளர வளர அந்த நரம்பு அதன் மேல் நூல் மாதிரி இழுபட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய இடத்தையும் சுரண்டி எடுத்தால் கட்டி முழுதாகப் போகும். ஆனால் முகத்தின் ஒரு பக்கம் விழுந்துவிடலாம், கண் மூடாமல் போகலாம். அந்த இடத்தில் கொஞ்சம் விட்டுவிட்டால் நரம்பு தப்ப வாய்ப்பு அதிகம். ஆனால் மிச்சம் திரும்ப வளரலாம். உங்கள் விருப்பம் எது என்று கேட்டார்.

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம்.

“முழுசா எடுத்திரச் சொல்லு,” என்றார் மோகன்.

“கண்ணு மூடாதுங்கிறாங்க.”

“மருந்து ஊத்திக்கலாம். இது திருப்பி வளந்தா என்னா செய்வ? இன்னொருக்கா மண்டையத் தொறக்கணுமா?”

“வளரலாம்னுதானே சொன்னாங்க. வளரும்னு சொல்லலியே.”

“மூஞ்சியப் பத்தி நெனைக்கிறியா சுகந்தி? கோணிப் போனா எனக்கு என்னா? நீ இருந்தாப் போதும்.”

“மூஞ்சியப் பத்தி யாரு பேசுனா?” எனக்குக் குரல் ஏறிவிட்டது. எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “காது ஒண்ணு போயிருச்சு. அந்தப் பக்கத்து பேலன்ஸும் போயிருமாம். இனிமே விழாம நடக்குறதுக்குக் கண்ணுதான் வேல செய்யணும்னு அவுங்கதானே சொன்னாங்க. அந்தக் கண்ணும் காஞ்சு போச்சுன்னா? ரெண்டு கண்ணும் எனக்கு வேணும்ங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். கோபம் வந்தால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான், வேனைக் கழுவப் போய்விடுவார். நான் பெஞ்சில் இருந்து விரல்களை நெரித்துக்கொண்டிருந்தேன். பார்வையாளர் நேரம் முடியப்போகும்போது திரும்பி வந்தார். என் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. பிறகு ஞாபகம் வந்து வலது பக்கம் மாறி உட்கார்ந்தார்.

“ஒன் மண்ட. நீ சொல்றதுதான். போய்ச் சொல்லு.”

டொக்டரிடம் சொன்னேன். ஒட்டிய இடத்தை விட்டுவிடுங்கள் என்று.

ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காதுக்குப் பின்னால் முடி வழித்ததும், முகமூடி வழியாக வந்த இரப்பர் மணமும்தான். கண் விழித்தபோது அறை முழுவதும் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு ஓடியது, சுவர் ஓடியது, நின்ற மிஸ் நின்றபடியே ஓடினார். மூக்கில் இருந்த ஒட்சிசன் முகமூடியைப் பிடித்து இழுத்து, “இதக் கழட்டுங்க, கேம்ம நிப்பாட்டுங்க,” என்று கத்தினேனாம். மோகன் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் கேலி செய்கிறார். அப்போது அவர் கேலி செய்யும் நிலையில் இருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு மிஸ் சொன்னார்.

ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு இல்லாமல் போனதும் மறுபக்கத்திலிருந்து வருகிற செய்தி மட்டும் மூளைக்குக் கிடைக்கிறது. உடம்பு விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அது நம்பிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகிக்கொள்ளும். அதுவரை வாந்திதான். எத்தனையோ பேருக்கு ஃபேனைப் போட்டு, இது ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னை அடிக்காமல் விட்டதே பெரிது.

டொக்டர் வந்து சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். மோகனின் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. உதட்டின் இடது பக்கம் அசையவில்லை. கண்ணை மூடினால் ஒரு கீற்று திறந்தே இருந்தது.

“நரம்பு அறுபடல்ல,” என்றார் டொக்டர். “நான் என் கண்ணால பாத்தது. ஒட்டியிருந்த துண்ட அப்படியே விட்டுட்டன். நரம்பு வீங்கியிருக்கு. திரும்ப வரும். பொறுமையா இருங்க.”

பொறுமை என்னிடம் இல்லாத சாமான். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமை மேல் பிளாஸ்டர். மிஸ் கொடுத்த சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைகிறதா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பேன். நந்தா அக்கா ஆரஞ்சுத் தோலை எறிந்து எறிந்து அலுத்துப்போய்க் கடைசியில் கண்ணாடியையே வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நிஸ்தார் நானா ஒரு பை நிறையப் பழங்களோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். என் முகத்தை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை.

“புள்ள, அத வித்துரவா? கேக்குறாங்க, கொழும்புல.”

“ஏன் நானா, நம்ம மெஷின் என்னா செஞ்சிச்சு?”

“என்னமோ, மேல ஏறிப் போனா மனசுக்குச் சரியில்ல.”

“வித்துட்டீங்கன்னா நான் வந்து எதுல ஓட்டுறது?” என்றேன். பாதி உதட்டால் சொன்னதில் ‘ஓட்டுறது’ குழறிவிட்டது. ஆனால் அவருக்கு விளங்கியது. பழத்தை உரித்து என் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு தம்பி வந்தார். பெருவிரலைக் கண்ணுக்கு நேராக நீட்டி, பார்வையை அதில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் இல்லை இல்லை என்பது போல் ஆட்ட வேண்டும். கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். முதல் தடவை ஆட்டியதும் அவர் சப்பாத்துப் போட்ட கால் மேலேயே வாந்தி எடுத்தேன். அவர் கழுவிக்கொண்டு வந்து, “இன்னொருக்காச் செய்வமா?” என்றார். ஹெட்செட்டைப் பற்றிக் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், பிறகு கிளினிக்கில் கேட்டுவிட்டு, உட்கார்ந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கலாம் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக என்ற சொல் எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மோகன் வேனை அவ்வளவு மெதுவாக ஓட்டினார். பின்னால் லொறிக்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். அவர் திரும்பித் திட்டவில்லை. என் வாழ்க்கையில் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு வந்த மாதங்களில் சொல்ல அதிகமில்லை. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தனியாகப் படியிறங்கக்கூடாது. வாசலில் நின்று பெருவிரலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். யாருக்கோ இல்லை இல்லை என்று சொல்வதாக நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் ரோட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு மத்தியானம் குளிக்கும்போது முகத்தில் சவர்க்கார நுரை வழிந்தது. வழக்கமாக இடது கண் எரியும். எரியவில்லை. மறுபடி சவர்க்காரத்தைப் போட்டேன். எரியவில்லை. ஈரத்தோடு ஓடிவந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மோகன் முன்னால் நின்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “சந்து இல்ல,” என்றார். உதடு வர இன்னும் நாளானது. இப்போதும் களைத்தால் கொஞ்சம் இழுக்கும். விட்டு வைத்த துண்டு அப்படியே இருக்கிறது. வளர்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும் வரை வீட்டில் ஓர் இடத்தில் இருக்கமாட்டேன்.

கிளினிக்கில் சரி என்று சொன்ன பிறகு மாடிக்கு ஏறினேன். நானா மெஷின் மேல் புதுத்துணி போட்டிருந்தார். முதல் நாள் காரை நகர்த்தவில்லை. ஹெட்செட்டை மாட்டி, நின்ற காருக்குள் கழுத்தை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு, வாந்திக்கு வைத்திருந்த வாளியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் நடை வேகத்தில் ஊர்ந்தேன். வாரக்கணக்கில் இப்படியே போனது. வளைவை மறுபடி வேகமாக எடுக்க முடிந்த அன்றைக்கு இன்டர்நெட்டில் போட்டிக்குப் போனேன். இடது பக்கம் வந்தவனைத் தெரியாமல் மோதினேன். திரும்ப மோதினேன். திரையின் ஓரத்தில் அம்புக்குறி காட்டும் வசதி இருக்கிறது. வேகத்தில் அது கண்ணில் படவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

என்னைக் கூட்டிப்போக வந்த மோகன் மேசையில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெட்செட்டில் எனக்குத் தெரிவது அந்தத் திரையிலும் தெரியும். பின்னால் வருகிற கார்களையும் அதில் காட்டலாம்.

“லொறியில ட்ரைவருக்கு இடது பக்கம் எங்க தெரியுது?” என்றார். “அதுக்குத்தானே கிளீனர் நிக்கிறான். அவன் பாத்துத் தட்டுவான். ஒரு தட்டுன்னா ஆளு இருக்கு. ரெண்டு தட்டுன்னா போலாம்.”

“நீங்க கிளீனரா?”

“ஏன், நிக்கமாட்டனா?”

என் இடது பக்கம் வந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் போட்டியில் தட்டுவதற்குள் மணலில் கிடந்தோம். “நீ டக்குனு திருப்பிட்ட,” என்றார். “நீங்க லேட்டாத் தட்டுனீங்க,” என்றேன். திரையைப் பார்த்ததிலேயே அவருக்குத் தலை சுற்றியது. ஓர் இஞ்சி டொபியைக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, “இன்னொருக்காப் போடு,” என்றார்.

இரண்டாவது போட்டியில் நீளமான ஓர் இடது வளைவு வந்தது. தோளில் ஒரு தட்டு விழுந்தது. கையை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. அழுத்தி வைத்தபடியே இருந்தார். கார் இன்னும் என் பக்கத்திலேயே ஓடுகிறது என்று அர்த்தம். உள்ளே திரும்பத் துடித்த கைகளை அடக்கி, அவனுக்கு இடம் விட்டு, வெளி ஓரத்திலேயே வளைவு முழுவதும் பிடித்துக்கொண்டு போனேன். டொபியைக் கடிக்கும் சத்தம் வலது காதுக்குக் கேட்டது. கை தோளிலேயே இருந்தது. இருந்தது. பிறகு எடுத்தார்.

ரெண்டு தட்டு. திருப்பினேன்.